ஆளுக்கு ஒரு பயிற்சி

மொக்கைச்சாமி எங்கள் பயிற்சி நிலையத்து கேட்டுக்குள் நுழைந்தால் வாட்ச்மேன் முதல் சமையல்காரம்மா வரை எல்லார் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்துவிடும். நான் மட்டும் ரிஜிஸ்டருக்குள் தலையைக் குனிந்துகொள்வேன். அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் நான்தானே.

எங்கள் நிலையம் திருநகரைத் தாண்டி, திருமங்கலம் போகும் ரோட்டில் இருக்கிறது. அரசாங்கப் பணத்தில் நடப்பது. கிராமத்து ஆட்களுக்கு ஏதாவது ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்துச் சொந்தக் காலில் நிற்க வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பாடம் இலவசம், மதியம் முட்டையோடு சாப்பாடு இலவசம், முடிவில் ஒரு சான்றிதழ். ஆபீஸ் பொறுப்பு என்னுடையது. பெயர் ஹரிராம். ஆள் சேர்ப்பது, வந்தார்களா என்று பார்ப்பது, முடித்துப் போனவர்களுக்குப் போன் போட்டு “தொழில் ஆரம்பிச்சாச்சா?” என்று நச்சரிப்பது, எல்லாம் என் தலையில். அந்த நச்சரிப்புதான் இருப்பதிலேயே முக்கியமான வேலை. எத்தனை பேர் தொழில் தொடங்கினார்கள் என்று காட்டினால்தான் அடுத்த வருடத்துக்குப் பணம் வரும். படித்தவருக்குப் படிப்பு பிடித்திருந்ததா என்று மேலிடத்தில் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை.

மொக்கைச்சாமிக்கு வயது நாற்பத்தேழு. ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். இவர் எட்டாவது வரை படித்துவிட்டுக் கட்டட வேலைக்குப் போய், கம்பி கட்டப் பழகி, அதிலேயே நிலைத்துவிட்டார். மதுரையைச் சுற்றி எழும்பிய எத்தனையோ மாடி வீடுகளின் தூணுக்குள் அவர் கட்டிய கம்பி இருக்கிறது. அதைப் பற்றி அவருக்குப் பெருமையும் கிடையாது, வருத்தமும் கிடையாது.

முதலில் காளான் வளர்ப்புக்கு வந்தார். அப்புறம் தேனீ. அப்புறம் ஆடு வளர்ப்பு, செல்போன் பழுது பார்ப்பது, கண்காணிப்புக் கேமரா பொருத்துவது. அப்போதெல்லாம் கையால் எழுதுகிற பதிவுதான். எங்களுக்கு வகுப்பு நிறைய ஆள் வேண்டும், அவருக்கு உட்கார ஒரு வகுப்பு வேண்டும். இரண்டு பக்கமும் தேவை இருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவரை மேதை என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் போட்ட காளான் அழுகிப்போனது. தேனீ கொட்டி ஒரு வாரம் கண் திறக்க முடியாமல் திரிந்தார். ஆனால் வகுப்பில் அவர் வாய் மூடாது. ஆசிரியர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் “சார், ஒரு சந்தேகம்” என்று எழுந்துவிடுவார். ஆட்டுக்கு வரும் நோய்களைப் பற்றிப் பேச வந்த கால்நடை டாக்டர், பாதி பாடத்தில் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று வெளியே போய் என் மேஜை முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

தொழில் ஆரம்பித்துவிட்டாரா என்று நான் போன் போட்டால் இப்படித்தான் இருக்கும்.

“அண்ணே, காளான் வளர்ப்பு ஆரம்பிச்சிட்டீங்களா?”

“இன்னும் இல்ல சார். ஆனா நீங்க போன் போட்டது நல்லதாப் போச்சு. அந்த வைக்கோலை வெந்நியில போடச் சொன்னாகள்ல, அதுல ஒரு சந்தேகம்…”

ஊரில் அவருக்கு ‘டிரெயினிங்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். டிரெயினிங் முட்டைச் சோத்துக்குப் போகுது பாரு என்று டீக்கடையில் சிரிப்பார்களாம். வீட்டிலும் இதே பாட்டுத்தான். மனைவி ராக்கம்மாள் இரண்டு கறவை மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். கம்பி வேலையை விட்டுவிட்டு ஓசிச் சோற்றுக்குப் போகிற மனுசன் என்று அவர் வைத வசவை மொக்கைச்சாமியே என்னிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் நானும் கேட்டேன். “உண்மையைச் சொல்லுங்கண்ணே. ஒரு தொழிலும் செய்யப் போறதில்ல. எதுக்கு வாரீங்க?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 

“கம்பி கட்டுறது இருவத்தஞ்சு வருசமா ஒரே கட்டுத்தான் சார்,” என்றார். “கை பாட்டுக்குக் கட்டும். தல சும்மா கெடக்கும். இங்க வந்து உக்காந்தா தலைக்குள்ள என்னமோ நடக்குது. அது நல்லாருக்கு சார். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.”

அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? நான் பி.காம். முடித்த நாளோடு புத்தகத்தை மூடினவன். ஊரையெல்லாம் வகுப்பில் உட்கார வைக்கிறேன், நான் ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை. எனக்கு அந்த ‘நல்லாருக்கு’ சரியாகப் பிடிபடவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கைரேகை மிஷின் வந்தது; கையால் எழுதிய பழைய பதிவுகளும் ஆதார் எண்ணோடு அதில் ஏறின. விரலை வைத்தால் ஆளின் ஜாதகமே கம்ப்யூட்டரில் வந்துவிடும். கூடவே புது விதியும் வந்தது: ஆளுக்கு ஒரு பயிற்சி. விதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஆள் ஐந்து முறை உட்கார்ந்தால் மற்ற நான்கு பேருக்கு இடம் இல்லாமல் போகிறது. பணம் கொடுக்கிற இடத்தில் கேட்கத்தான் செய்வார்கள்.

இது தெரியாமல் மொக்கைச்சாமி வந்து நின்றார். எரிந்துபோன மோட்டாருக்கு மறுபடி செம்புக்கம்பி சுற்றும் வகுப்பு தொடங்க இருந்தது. காயில் கட்டுவது என்பார்கள். ஃபேன், மிக்சி, கிணற்று மோட்டார் எல்லாம் அதில் வரும். எங்கள் பக்கத்தில் கரண்ட் ஏறி இறங்கி மோட்டார் எரியாத ஊரே கிடையாது.

“காயில் கட்டுற கிளாஸ் வருதாம்ல சார். வாழ்நாள் பூரா கம்பி கட்டிட்டேன். இந்தக் கம்பியையும் பாத்துருவோம். பேரைச் சேருங்க,” என்று உற்சாகமாக விரலை நீட்டினார்.

விரலை வைத்ததும் கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது.

“ஆளுக்கு ஒரு பயிற்சிதான்னு ஆயிருச்சுண்ணே. உங்க பேரு அஞ்சு தடவ முடிஞ்சு கெடக்கு.”

“அதெல்லாம் காளானு, தேனீ சார். இது மோட்டாரு.”

“காளானோ மோட்டாரோ, ஆளு ஒண்ணுதானே.”

அவர் விரலை எடுத்துச் சட்டையில் துடைத்தார். பந்தியில் இலை போட்ட பிறகு எழுப்பிவிடப்பட்டவர் மாதிரி நின்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஏதாவது பேச வேண்டுமே என்று, “பொம்பளையாளுகதான் இந்த வகுப்புக்கு ஒருத்தரும் வரல. அவுங்க வந்தா இன்னிக்கே சேத்துக்கிருவோம். மேல இருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க,” என்றேன். சும்மா சொன்ன பேச்சு. அது அவர் தலையில் எங்கே போய் உட்கார்ந்தது என்று அப்போது தெரியவில்லை.

வகுப்பு தொடங்கும் நாளன்று என் மேஜை முன்னால் ஒரு பெண் வந்து நின்றார். கையில் தூக்குச்சட்டி.

“இங்க ஓயாம வருவாருல்ல சார், கம்பி கட்டுறவரு. அவரு வீட்டுக்காரி. மோட்டார் கிளாசுல சேரணும்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். “உங்களுக்கு மோட்டார்ல ஆசையாம்மா?”

“எனக்கெதுக்கு சார் மோட்டாரு? நீங்க இல்லைன்னு சொன்ன நாள்லருந்து மனுசன் சோறு திங்கல, சொல்லு பேசல. அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படி சார் இருக்க? நான் இங்க கேட்டுக்கிட்டுப் போயி சாயங்காலம் அவருகிட்ட ஒப்பிக்கணுமாம். அம்புட்டுத்தான்.”

“அப்ப மாடு?”

“அவருதான் பாக்காரு. பாப்பம், ரெண்டு நாளைக்கு.”

இப்படி ஒரு யோசனை மொக்கைச்சாமிக்குத்தான் வரும். பொண்டாட்டியை அனுப்பினால் படிப்பு அப்படியே வீட்டுக்கு வந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். அன்று எனக்கும் அதில் ஒரு கோளாறும் தெரியவில்லை. பெண் ஒருவர் சேர்ந்தார் என்று மேலிடத்துக்கும் திருப்தி. விரலை வைத்தார், மிஷின் ஏற்றுக்கொண்டது.

வகுப்பு எடுத்தவர் பாண்டிராஜ். சமயநல்லூரில் சொந்தமாகக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற இளைஞர். வகுப்பு முழுக்கப் பையன்கள், நடுவில் ராக்கம்மாள் ஒருவர்தான். முதல் சில நாட்கள் அவர் எதையும் தொடவில்லை. பாண்டிராஜ் சொல்வதை உதடு அசைய மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். மறுநாள் காலையில் மொக்கைச்சாமியின் சந்தேகங்களோடு வந்து நிற்பார்.

“தம்பி, ஓட்டைக்குள்ள கம்பிய விடுறதுக்கு முன்னாடி பேப்பர் எதுக்கு வைக்கணும்னு அவரு கேட்டுட்டு வரச் சொன்னாரு.”

“கம்பி இரும்புல உரசிரக் கூடாதுல்லக்கா, அதுக்குத்தான்னு சொல்லுங்க.”

மறுநாள் வேறு சந்தேகம். அதற்கு மறுநாள், அந்தப் பதிலில் ஒரு சந்தேகம். “அண்ணன் வீட்ல உக்காந்தே என் உயிரை வாங்குறாரு சார்” என்று பாண்டிராஜ் என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

மொக்கைச்சாமி எனக்கும் போன் போட்டார். “மாடு என்னையக் கண்டாலே காலைத் தூக்குது சார். இருந்தாலும் பரவாயில்ல. நேத்து கனெக்சன் வரைக்கும் சொல்லிட்டா.” குரலில் பழைய தெம்பு வந்திருந்தது.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் வருகை பார்க்க வகுப்புக்குள் போனேன். மேஜை மேல் ஒரு எரிந்த ஃபேன் பிரித்துக் கிடந்தது. ராக்கம்மாள் கருகிய காயிலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இது மொதல்ல எந்த எடத்துல எரிஞ்சுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

பாண்டிராஜ் சிரித்தார். “இது அண்ணன் கேள்வியாக்கா?”

“இல்ல தம்பி. இது நான் கேக்குறது.”

பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாண்டிராஜ் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய், கருப்பு எங்கே கூடுதலாக ஏறியிருக்கிறது, கம்பி எங்கே உருகிக் குமிழாக நிற்கிறது என்று காட்டினார். ராக்கம்மாள் குனிந்து பார்த்த பார்வையில் வீடு, மாடு, புருசன் எதுவும் இல்லை. நான் வந்ததையும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் கை சும்மா இருக்கவில்லை. சுற்றினார், தப்பாகச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். யாராவது பேச்சுக் கொடுத்தால் எத்தனையாவது சுற்று என்பது மறந்துபோய், முதலில் இருந்து தொடங்க வேண்டிவரும். அதனால் பக்கத்தில் ஆள் வந்தாலே ‘உஷ்’ என்பார்.

அப்போதுதான் மொக்கைச்சாமி நேரில் வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

“சார், அவ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா.”

“ஏன்?”

“கேட்டா, ‘கையில செஞ்சாத்தான் தெரியும், வாயால சொல்ல முடியாது’ங்கிறா. நேத்து ஏதோ சொல்ல ஆரம்பிச்சா. நான் நடுவுல ஒரே ஒரு சந்தேகம் கேட்டேன் சார். ‘என்னைய முழுசாச் சொல்ல விடுறியா’ன்னு எந்திரிச்சுப் போயிட்டா. என் படிப்பு சார் அது! நான்தான அனுப்புனேன்!”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாட்டிடம் உதை வாங்கி, வேலையை விட்டு, அவர் ஆசைப்பட்ட ஒன்றை வேறொருவர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறார். அது திரும்பி வரவில்லை. நிஜமாகவே அவருக்கு வலித்தது.

“போயி எட்டிப் பாருங்க. மதியச் சாப்பாடு கொண்டாந்தேன்னு சொல்லுங்க,” என்றேன். இங்கேயே சாப்பாடு போடுகிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜன்னலருகே போனார். நானும் பின்னாலேயே போனேன். உள்ளே ராக்கம்மாள் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு கை சுற்ற, மறு கை கம்பியை இழுத்துப் பிடிக்க, உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. நெற்றியில் வேர்வை வழிந்தது, துடைக்கவில்லை. இடையில் ஒரு முறை தனக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

மொக்கைச்சாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.  பிறகு என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்தார்.

“நான் போறேன் சார்.”

“பேசலையா?”

“வேணாம். நான் பேசுனா அவளுக்கு எண்ணிக்கை விட்டுப்போயிரும்.” கேட் வரை போனவர் திரும்பி, “கலியாணம் ஆனதுலருந்து அவளை இப்படிப் பாத்ததில்ல சார்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு சாப்பிடும்போது என் மனைவி சீதாலட்சுமியிடம் எங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் இதைச் சொன்னேன். அவள் குழம்பை ஊற்றாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடியும் நாளன்று சான்றிதழ் கொடுக்க மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார். ஒவ்வொருவரையும் எழுப்பி, என்ன தொழில் தொடங்கப் போகிறீர்கள் என்று கேட்பார். எங்கள் பிழைப்பே அந்தப் பதில்களில் இருக்கிறது. அதனால் முந்தின நாளே எல்லாருக்கும் ஒத்திகை வைப்பது என் வழக்கம். பையன்கள் நன்றாக ஒப்பித்தார்கள். ராக்கம்மாளிடமும் சொல்லியிருந்தேன்: “வீட்டு முன்னாடியே கடை போடுவேன்னு சொல்லணும். பேங்க்குல கடன் கேப்பேன்னு சொல்லணும். வேற ஒண்ணும் பேசிராதீங்க.”

“சரி சார்,” என்றார். அந்தச் ‘சரி’யை நான் நம்பினேன்.

அன்று வந்தவர் பவதாரிணி மேடம். நல்ல மனுசி, யாரையும் அதட்டத் தெரியாதவர். குடும்பத்தார் பின்னால் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மொக்கைச்சாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தார். ராக்கம்மாள் முறை வந்தது. வகுப்பில் ஒரே பெண் என்று மேடம் எழுந்து நின்று கை கொடுத்தார்.

“சொல்லுங்கம்மா, என்ன தொழில் செய்யப் போறீங்க?”

ராக்கம்மாள் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

“கடை போடுறதப் பத்தி இன்னும் யோசிக்கல மேடம்,” என்றார். “அடுத்து இங்க என்ன கிளாஸ் நடக்கும்? அதுல என் பேரைச் சேத்துக்கிருங்க.”

பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். நான் உள்ளுக்குள் தலையில் கை வைத்துக்கொண்டேன். மேடமும் சிரித்துக்கொண்டே, “ஆளுக்கு ஒரு பயிற்சிதாம்மா. உங்களுக்கு இதோட முடிஞ்சிருச்சு,” என்றார்.

முடிஞ்சிருச்சு என்ற சொல் ராக்கம்மாளுக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது. விதி அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அது புருசனின் விதி, தனக்கும் அதே விதிதான் என்று அவர் நினைத்தே பார்த்திருக்கவில்லை. முகம் சுருங்கியது. அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அழவில்லை.

“மேடம், எனக்கு நாப்பத்து மூணு வயசு ஆகுது,” என்றார். குரலில் சண்டை இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருந்தது. “ஆளுக்கு ஒண்ணுன்னா, அந்த ஒண்ணு இன்னியோட தீந்துபோச்சு. மிச்ச வயசுக்கு நான் என்ன செய்ய?”

யாரும் சிரிக்கவில்லை.  மேடம் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். “எனக்குத் தெரியலம்மா. நீங்க கேட்டதை மேல சொல்றேன்,” என்றார். சொன்னாரா, சொல்லி யாராவது கேட்டார்களா, எனக்குத் தெரியாது.  இத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் போன் போட்டுக் கேட்ட கேள்விகளில் ஒன்றாவது இதன் பக்கத்தில் நிற்குமா என்று வெட்கமாக இருந்தது.

கூட்டம் கலைந்தது. பஸ் ஸ்டாப் எங்கள் கேட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. வழியனுப்ப நானும் கூடப் போனேன். ராக்கம்மாள் சான்றிதழை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றார். மொக்கைச்சாமி செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார்.

“ஏய்யா,” என்றார் ராக்கம்மாள், அவரைப் பார்க்காமலே. “சோத்துக்குப் போற, முட்டைக்குப் போறன்னு ஊரு ஒன்னைய வஞ்சுச்சு. நானும் கூடச் சேந்து வஞ்சேன். அன்னிக்கு இவுக இல்லைன்னு சொன்னப்ப ஒனக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பத்தான்யா தெரியுது.”

மொக்கைச்சாமி ரோட்டைக் கைகாட்டினார். “சரி விடு புள்ள. பஸ்சு வருது பாரு,” என்றார்.

திருமங்கலம் பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்த ராக்கம்மாள் திரும்பி, “ஏறு. சன்னல் பக்கம் நான். மொத நாள்லருந்து அம்புட்டையும் சொல்லித் தாரேன். நடுவுல சந்தேகம் கிந்தேகம்னு வாயத் தொறந்த, நிப்பாட்டிருவேன்,” என்றார்.

“தொறக்க மாட்டேன்,” என்றார் மொக்கைச்சாமி.

பஸ் கிளம்பியது. ஜன்னலில் ராக்கம்மாளின் இரண்டு கைகளும் இல்லாத கம்பியை இல்லாத மோட்டாரில் சுற்றிக்கொண்டிருந்தன. மொக்கைச்சாமி அந்தக் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எங்கள் நிலையத்தில் ஐந்து வகுப்பு முடித்தவர், ஒரு வகுப்பிலாவது ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல வாயை மூடியிருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அன்று பஸ் என் கண்ணுக்குத் தெரிந்த வரைக்கும் மூடித்தான் இருந்தார்.